விண்டோஸ் 11க்கு மாறுவதா? அதற்கு முன் ஆவணங்களைப் பாருங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலை 29இல் வெளிவந்து, பத்து ஆண்டுகள் பாவனையில் இருந்த தளம் அது. அதன் வாரிசான விண்டோஸ் 11, 2021 ஒக்டோபர் 5இல் வெளியானது. அதன் 25எச்2 பதிப்பு 2025 செப்டெம்பர் 30இல் வந்தது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் முன்னால் இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன: விண்டோஸ் 11க்கு மாறுவது, லினக்ஸுக்குப் போவது, விண்டோஸ் 10இலேயே இன்னும் சிறிது காலம் இருப்பது.

பெரியநீலாவணைக்கும் பாண்டிருப்புக்கும் இடையே கடலோரமாகக் கிடக்கும் மருதமுனையில் இது புதுமோகம் பற்றிய கேள்வி அல்ல. போர்க்கால இடப்பெயர்வையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. இங்கு ஒரு வீட்டுக் கணினியில் கைத்தறிக் கணக்கும் பிள்ளைகளின் பாடங்களும் மட்டும் இருப்பதில்லை. காணி உறுதியின் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணாமல் போனவரின் படம், பிரதேச செயலகத்துக்கும் ஆணைக்குழுக்களுக்கும் எழுதிய கடிதங்கள் ஆகியவையும் இருக்கக்கூடும். இயங்குதளத்தை எத்தனை முறையும் மீள நிறுவலாம். மூலப் பத்திரம் தொலைந்துபோன ஓர் ஆவணத்தின் பிரதி அழிந்தால் திரும்ப வராது. ஆகவே மூன்று வழிகளையும் இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்ப்பதே பொருத்தம்.

புதுப்பிப்பு நின்றால் என்ன?

ஒக்டோபர் 14க்குப் பிறகும் விண்டோஸ் 10 கணினி வழமைபோல இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. இதன் ஆபத்தை 2017 மே மாதம் உலகம் பார்த்தது. 'வொனாக்ரை' என்ற நச்சு நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, 300 டொலர் கப்பம் கேட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே அகப்பட்டன. இணையத்தோடு இணைக்கப்படும், பலருடைய பென்ட்ரைவ் செருகப்படும் கணினிக்கு இந்த ஆபத்து அதிகம்.

விண்டோஸ் 11: தகுதி இருந்தால் நல்லது

உரிமம் பெற்ற விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மாற்றம் இலவசம். ஆனால் கணினி தகுதியானதாக இருக்கவேண்டும்: 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி. 2017ஆம் ஆண்டுக்கு முந்திய கணினிகளில் பெரும்பாலானவை இங்கேயே தோற்றுவிடும். மைக்ரோசொப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியைத் தரவிறக்கினால் உங்கள் கணினி தேறுமா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். 4 ஜிபி ரேம் போதும் என்று நிபந்தனை சொன்னாலும், நடைமுறையில் 8 ஜிபியும் எஸ்எஸ்டி தட்டும் இல்லாவிட்டால் வேகம் சலிப்பூட்டும்.

தகுதியில்லாத கணினியிலும் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11ஐ நிறுவ வழி இருக்கிறது. அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை. புதுப்பிப்புக்காக மாறிவிட்டு அதற்கே உத்தரவாதம் இல்லாமல் நிற்பதில் பயனில்லை. அதைவிட மோசமானது திருட்டு உரிமம். அதற்கான கருவிகள் பல, வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டே உள்ளே வருகின்றன.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு விண்டோஸ் 11 குறை வைக்கவில்லை. யுனிகோட் தமிழ் தெளிவாகத் தெரிகிறது. தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளமைந்தே வருகின்றன.

பூட்டும் சாவியும்

கவனிக்கவேண்டிய முக்கிய மாற்றம் ஒன்று உண்டு. 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழையும்போது, பெரும்பாலான கணினிகளில் வன்தட்டு தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. கணினி களவுபோனாலும் பிறர் கைக்குப் போனாலும் உள்ளே இருப்பதை அவர்கள் இலகுவில் படிக்கமுடியாது. சாட்சியங்களும் முறைப்பாடுகளும் வைத்திருப்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஆனால் கணினி பழுதாகி மீட்புச் சாவி கேட்டால், அந்த 48 இலக்க எண் இல்லாமல் உரிமையாளராலும் திறக்கமுடியாது. சாவி சேமிக்கப்படுவது நிறுவும்போது கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கில். கடைக்காரர் தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்து நிறுவித் தந்திருந்தால் சாவி அவருடைய கணக்கில் இருக்கும். எனவே உங்கள் சொந்தக் கணக்கிலேயே நிறுவச் செய்யுங்கள். சாவியைத் தாளில் எழுதி, காணி உறுதியோடு வையுங்கள்.

அதேபோல் ஆவணங்கள், படங்கள் உள்ள கோப்புறைகளை 'வன்ட்ரைவ்' இணையச் சேமிப்புக்கு அனுப்ப விண்டோஸ் 11 முனையும். இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. வெளிநாட்டுச் சேவையகத்தில் ஒரு பிரதி இருப்பது இன்னொரு பேரிடரில் கைகொடுக்கலாம். உணர்திறன் மிக்க கடிதங்களை அங்கே வைக்க விரும்பாதவர்கள் அந்த அமைப்பை நிறுத்திவிடலாம். எதுவாயினும் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

பாமினியை மறக்கவேண்டாம்

இலங்கையில் நீண்ட காலம் தமிழ்க் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டன. பாமினி கோப்பில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. வன்தட்டை அழித்துப் புதிய இயங்குதளம் நிறுவினால் எழுத்துருவும் போய்விடும். 1990களின் நிகழ்வுகளை விவரித்த ஒரு முறைப்பாட்டுக் கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பாமினியை நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். மாறுமுன் எழுத்துருக் கோப்பையும் பிரதியெடுங்கள். முக்கியமான கடிதங்களை யுனிகோடுக்கு மாற்றி, பிடிஎப் ஆகவும் சேமியுங்கள்.

லினக்ஸ்: பழைய கணினிக்கு இரண்டாவது ஆயுள்

விண்டோஸ் 11 ஏற்காத கணினிக்கு லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று. உரிமச் செலவில்லை. 2024 ஜூலையில் வெளிவந்த 22ஆம் வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. அதன் எக்ஸ்எப்சிஈ பதிப்பு 4 ஜிபி ரேமிலும் சீராக ஓடும். லிப்ரே ஒபிஸ் அதனுடனேயே வருகிறது. எம்17என் விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் 99 மட்டுமன்றி, இலங்கையில் பயன்படும் ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். பென்ட்ரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் மட்டும் நிறுவலாம்.

குறையும் உண்டு. பேஜ்மேக்கர், போட்டோஷொப் கொண்டு அழைப்பிதழ் அச்சடிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. சில பழைய அச்சுப்பொறிகளும் இணங்குவதில்லை. ஆனால் கடிதம், கணக்கு, இணையம், ஸ்கேன் செய்த பிரதிகள் போன்ற தேவைகளுக்கு இதுவே போதும்.

இன்னும் ஓராண்டு

உடனே மாறமுடியாதவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை விண்டோஸ் 10 பாதுகாப்புப் புதுப்பிப்பை நீடிக்க மைக்ரோசொப்ட் வழி வைத்துள்ளது. கணினி 22எச்2 பதிப்பில் இருக்கவேண்டும். மைக்ரோசொப்ட் கணக்குடன் அமைப்புகளைக் காப்புச் செய்தால் இலவசம். இல்லையேல் 30 டொலர். இதை நிரந்தரத் தீர்வாக எடுக்காமல், ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் அவகாசமாகப் பயன்படுத்துங்கள்.

எவருக்கு எது?

தகுதியுள்ள கணினி என்றால் விண்டோஸ் 11க்கு மாறுங்கள். தகுதியில்லாத வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. பழைய மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள் ஓராண்டு நீடிப்பைப் பெற்று, அதற்குள் புதிய கணினியில் அந்த மென்பொருளைச் சோதித்துப் பாருங்கள்.

எதைத் தெரிவு செய்தாலும், கணினியைக் கடைக்குக் கொடுக்குமுன் ஆவணங்களை இரண்டு வெவ்வேறு தட்டுகளில் பிரதியெடுங்கள். இன்னொரு கணினியில் திறந்து பார்த்து, படிக்க முடிகிறதா என உறுதி செய்யுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றையதைக் கரையிலிருந்து தள்ளி வாழும் உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.