பெருஞ்சோறும் படைத்தோழமையும்

போர்மேற் செல்லும் வேந்தன் தன் படைஞருக்குச் சோறளித்து அவரோடு கூடியிருப்பதைத் தொல்காப்பியர் ‘பெருஞ்சோற்று நிலை’ என்றார். அது வஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்று. வெட்சித் திணையில், கொண்ட ஆநிரையைப் பகுத்துக் கொள்வது ‘பாதீடு’. கூடி உண்டு மகிழ்வது ‘உண்டாட்டு’. உடன் உண்டவரே உடன் நிற்பர் என்பதை நம் முன்னோர் இலக்கணமாகவே வகுத்து வைத்தனர்.

அவ்விலக்கணத்திற்கு மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாற்றிலும் ஓர் இலக்கியம் உண்டு.

பகாவ் முதலிய நெகிரி செம்பிலான் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தபோது, தமிழகத்துச் சாதிப் பிரிவும் தொழிலாளரோடு கப்பலேறி வந்தது. மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டவருள் பல்லாயிரவர் மீளவில்லை.

அந்நிலையில், 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பால் வெட்டும் கத்தி பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன. அவ்வாண்டு அக்டோபரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். தோட்டத்துப் பெண்களே அவருள் மிகுதி. கோலாலம்பூரில் செல்வக் குடியிற் பிறந்த ஜானகியும், எழுத்தறியாத் தோட்டப் பெண்ணும் ஒரே உடை உடுத்து ஒரே அணியில் நின்றனர்.

பிரிட்டிஷ் இந்தியப் படையில் மதத்திற்கும் இனத்திற்கும் ஏற்பத் தனித்தனிச் சமையற்கூடங்கள் இருந்தன. இந்திய தேசிய இராணுவத்திலோ சமையலும் ஒன்று, பந்தியும் ஒன்று. லயத்தில் ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் தொடத் தயங்கியவர்கள், முகாமில் ஒரே அடுப்புச் சோற்றை உண்டனர். அறிவுரை செய்யாத வேலையை அடுப்பு செய்தது.

அத்தோழமைக்குச் சோதனை வந்தது, வெற்றியில் அன்று, பின்வாங்கலில். 1945 ஏப்ரல் 24இல் நேதாஜி இரங்கூனை விட்டு நீங்கினார். ஜான்சி ராணிப் படைப் பெண்களும் உடன் சென்றனர். வானிலிருந்து விமானத் தாக்குதல், வழியில் ஆறுகள், ஊர்திகளும் வரவரக் குறைந்தன. தமக்குக் கார் கிடைத்தும், பெண்கள் நடக்கையில் தாம் ஏறிச் செல்ல அவர் மறுத்தார். கால் கொப்புளித்தும் உடன் நடந்தார். பெருஞ்சோற்று நிலையின் பொருள் அந்நடையில் விளங்கிற்று. தலைவன் சோற்றைப் பகிர்ந்தால் மட்டும் போதாது. துன்பத்தையும் பகிர்தல் வேண்டும்.

1945 ஜூலை 8ஆம் நாள், மாண்ட வீரர்க்கு நினைவுச் சின்னம் எழுப்பச் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்தரும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. அவ்வாண்டே மீண்டு வந்த ஆங்கிலேயர் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். நடுகல் வழிபட்ட இனத்திற்கு அஃது ஆறாத புண்ணே. எனினும், அந்த ஒற்றுமை கல்லில் பிறந்ததன்று; பந்தியில் பிறந்தது. ஆகவே கல்லோடு அது தகர்ந்து போகவில்லை.