இல்லத்திற்கேற்ற காமிரா

காமிரா வாங்க எண்ணும் குடும்பத்தார் பெரும்பாலும் அதன் வில்லையைப் பற்றியும் விலையைப் பற்றியுமே விசாரிப்பர். வீட்டில் அதைக் கையில் எடுக்கப் போகிறவர் யார் என்று கேட்போர் சிலரே. குடும்பக் காமிராவின் வரலாற்றை நோக்குங்கால், இக்கேள்வியே முதன்மையானது என்பது விளங்கும்.

அமெரிக்கராகிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888ஆம் ஆண்டில் ‘கோடக்’ என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதுகாறும் படமெடுக்க விரும்பியவர் கண்ணாடித் தகடுகளைச் சுமந்து சென்று, அவற்றை இருட்டறையில் தாமே கழுவி எடுக்க வேண்டியிருந்தது. ஈஸ்ட்மனின் பெட்டியிலோ 100 படங்களுக்கான சுருள் முன்னரே இடப்பட்டிருந்தது. சுருள் தீர்ந்ததும் பெட்டியையே ஆலைக்கு அனுப்பிவிடலாம். ஆயினும் விலை 25 டாலர். எளியோருக்கு அது எட்டாக்கனி. 1900இல் அதே நிறுவனம் ‘பிரௌனி’யை 1 டாலருக்கு வெளியிட்டது. அட்டையாலான பெட்டி, ஒற்றை வில்லை, ஒரு விசை, அவ்வளவே. சிறுவரை மனத்திற்கொண்டு விளம்பரம் செய்தனர், பெரியோரும் வாங்கினர். குடும்பக் காமிரா பிறந்தது அன்றுதான் எனலாம்.

பெட்டிக் காமிராவில் தூரத்தை அளந்து வில்லையைத் திருப்பும் வேலை இல்லை. வில்லையின் திறப்பு சிறியதாதலால், ஏறத்தாழ ஆறடிக்கு அப்பாலுள்ளவை யாவும் ஓரளவு தெளிவாக விழும். ஆனால் நல்ல வெயில் வேண்டும். அவ்வெயிலும் எடுப்பவரின் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். ஆகவேதான் பழைய ஆல்பங்களில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாடியிலோ முற்றத்திலோ நிற்கின்றனர். சில படங்களில் கீழ்விளிம்பில் ஒரு நிழலும் விழுந்திருக்கும். அதுவே படமெடுத்தவர்!

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியை அடுத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. வெளிநாட்டுக் காமிரா கிடைப்பது அரிதாயிற்று. அந்நிலையில் பரோடாவில் தயாரான ‘அக்பா கிளிக் 3’ பல இல்லங்களுக்கு முதற் காமிராவாக அமைந்தது. பிளாஸ்டிக் உடல், ‘120’ பிலிம், சுருளுக்கு 12 சதுரப் படங்கள். பிலிமுக்குத் தமிழ்நாட்டோடும் உறவு உண்டு: 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967இல் உதகையில் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் விற்றது.

கரோல் பாகிலும் மாதுங்காவிலும் குடியேறிய நம்மவர்க்குப் படம் என்பது கடிதத்தின் ஒரு பகுதி. பேரக்குழந்தை தவழ்வதை ஊரிலுள்ள பாட்டிக்குக் காட்ட வேறு வழி ஏது? அதற்கு உயர்ந்த கருவி தேவைப்படவில்லை. துருத்தி மடிப்பும் எண் வளையங்களும் கொண்ட காமிரா குடும்பத் தலைவரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும்; கிளிக்கையோ பத்து வயதுப் பையனும் எடுக்கலாம், அம்மாவும் எடுக்கலாம். அம்மா எடுத்தால் அப்பா படத்தில் விழுவார். பையன் எடுத்தால் இருவருமே விழுவர். இல்லத்திற்கேற்ற காமிரா எது என்பதற்கு என் விடை இதுவே.

பின்னர் வந்த வண்ணப்படங்களின் சாயம் பல வீடுகளில் வெளிறிச் சிவந்துவிட்டது. நன்கு கழுவப்பெற்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளித் துகளோ எளிதில் மங்குவதில்லை. காமிரா பொருத்திய கைப்பேசி 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இன்று வீட்டில் ஒவ்வொருவர் கையிலும் காமிரா இருக்கிறது. 12 படத்தோடு நிறுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அச்சிட்டு எடுத்து வைப்போர் அருகிவிட்டனர்.

பழைய நெகடிவ்கள் வீட்டிலிருந்தால் எறிந்துவிடலாகாது. கிளிக்கின் நெகடிவ் ஆறு சென்டிமீட்டர்ச் சதுரம். இன்று ஸ்கேன் செய்தாலும் நேர்த்தியான படம் கிட்டும். காடி வாசனை வீசினால் பிலிம் கெட்டு வருகிறதென்று பொருள். அவற்றைப் பிரித்து வைத்து முதலில் ஸ்கேன் செய்க. அச்சுப்படங்களின் பின்புறத்தில், அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதிவைப்பது நலம். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுக. பேனா மை முன்பக்கம் கசிந்துவிடும்.