நொச்சி சூடாத காவலர்

பகைவர் மதிலை வளைக்குங்கால் உழிஞை சூடுதலும், அகத்தோர் அதனைக் காத்து நிற்குங்கால் நொச்சி சூடுதலும் புறப்பொருள் இலக்கணங் கூறும் போர் மரபாகும். வானூர்திகள் மதிலைப் பொருளற்றதாக்கிய காலத்தும் காவலர் இலராயினர் அல்லர். அவர்க்குச் சூடப் பூ இல்லாமற் போயிற்று, அவ்வளவே.

1940ஆம் ஆண்டு மே 14ஆந் திகதி, பிரித்தானியப் போர் அமைச்சர் அன்ரனி ஈடன் வானொலியில் விடுத்த அழைப்பினை ஏற்று, 17 முதல் 65 வயது வரையினர் ஊர்க்காவற் படையிற் பெருந்தொகையாய்ச் சேர்ந்தனர். தொடக்கத்திற் போதிய துப்பாக்கியும் இலராய் நின்ற அவர், படையெடுத்து வந்த பகைவரைக் காணாமலே 1944 டிசம்பரில் ஓய்வுற்றனர். அப்படையிற் பணிபுரிந்த ஜிம்மி பெரி என்பார், டேவிட் குறொவ்ற் என்பாருடன் இயற்றிய ‘டாட்ஸ் ஆமி’ என்னும் நகைச்சுவைத் தொடர், 1968 முதல் 1977 வரை 80 பகுதிகளாகப் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. வங்கி முகாமையாளரும் இறைச்சிக் கடைக்காரரும் அணிவகுத்து இடறுவதைக் கண்டு அந்நாடு நகைத்தது. எனினும் அந்நகைப்பினால் அவரை மறவாது போற்றிற்று.

இலங்கையிலோ பகைவர் நேரே தோன்றினர். 1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பும், 9ஆந் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அணித்தான கடலில் மூழ்கிற்று. குடிசார் பாதுகாப்புக்கு ஒலிவர் குணதிலக்க ஆணையாளராயினர். அவ்வாண்டிலேயே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்க்குத் துணையாய் நின்றார்.

ஆயின் குண்டினும் கொடிய முற்றுகை பசியே. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ, பர்மா அரிசி வரவு நின்றது. பங்கீடு வந்தது. யாழ்ப்பாணத்தார் சங்கக்கடை என வழங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கிற் பெருகின. அரிசியை அளந்து கொடுத்த கடைக்காரரும் ஒருவகையிற் காவலரே. மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகள் இயற்கை இறப்பருக்கு இத்தீவையே பெரிதும் நம்பின. ஆதலின் பால்வெட்டிய தொழிலாளரும் காவலரே ஆவர்.

அக்காவலுக்குக் கிடைத்த கைம்மாறு யாது? போர்க்கால ஒத்துழைப்பு, அமைச்சர்கள் சுயாட்சி கோருதற்கு வலுவளித்தது. 1948 பெப்ரவரி 4ஆந் திகதி நாடு விடுதலை பெற்றது. குணதிலக்க 1954இல் மகாதேசாதிபதியானார். ஆயின் 1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தேயிலை இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டிலேயாம்.

ஆங்கிலேயர் தம் காவலரை நகைத்தேனும் நினைந்தனர். இந்நாடோ தன் காவலருட் பல்லாயிரவரை அயலார் என்றது. படைக்கலம் ஏந்தியோர் பெயரோடு, பசியைத் தடுத்தோர் பணியையும் எழுதுமிடத்தே வரலாறு நடுநிலை எய்தும்.