மாவானரமும் மரபுக்கதைகளும்

இராமகாதையைக் கேளாது வளர்ந்த பிள்ளை நம்மவரிடையே அரிது. அவ்வாறு வளர்ந்த ஒருவர், இமயமலைச் சாரலில் மாபெரும் குரங்கொன்றின் எலும்பு கிடைத்ததென்று படிக்குங்கால், ‘வானரசேனைக்குச் சான்று கிடைத்துவிட்டது’ என்று மகிழ்தல் இயல்பே. மாணவர் இதனை வகுப்பறையில் என்னிடம் பலகால் வினவியுள்ளனர். கற்றோர் சிலர் மேடையிலும் இவ்வாறு பேசக் கேட்டதுண்டு. அக்கூற்றுப் பொருந்துமா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அவ்விலங்கின் வரலாற்றை நோக்குவோம். சீன மருந்துக் கடைகளிலே பழைய எலும்புகளும் பற்களும் ‘நாக எலும்பு’, ‘நாகப் பல்’ என்னும் பெயரால் நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்தன. அவற்றைப் பொடிசெய்து மருந்தாக உட்கொள்வது அந்நாட்டார் வழக்கம். 1935இல் வொன் கோனிக்ஸ்வால்ட் என்னும் அறிஞர் ஹொங்கொங் நகரிலே அத்தகைய கடையொன்றில் மிகப் பெரிய கடைவாய்ப்பல் ஒன்றைக் கண்டார். அது குரங்கினத்துப் பல்லே என உணர்ந்து, ‘ஜைகாந்தோபித்தேக்கஸ்’ எனப் பெயரிட்டார். அரக்க உருவுடைய குரங்கு என்பது அதன் பொருள். நாம் அதனை மாவானரம் என்போம்.

1956இல் தென்சீனத்துக் குவாங்சி மாகாணத்தில், உரத்துக்காகக் குகைமண் தோண்டிய உழவர் ஒருவர் அதன் கீழ்த்தாடையைக் கண்டெடுத்தார். பின்னர் அக்குகையில் நிகழ்ந்த அகழ்வில் மேலும் தாடைகளும், ஏறத்தாழ ஆயிரம் பற்களும் கிடைத்தன. ஆயினும் மண்டையோடோ கைகாலெலும்போ இன்றுவரை கிடைத்தில. முள்ளம்பன்றிகள் எலும்புகளைக் கொறித்துத் தின்று, கடினமான பற்களை மட்டுமே எஞ்சவிட்டன என்பர். எனவே உயரம் 10 அடி, நிறை 200 முதல் 300 கிலோ என்பனவெல்லாம் பல்லையும் தாடையையும் கொண்டு கணித்த மதிப்பீடுகளேயாம்.

இவ்விலங்கு மனிதனுக்கு என்ன உறவு? வைடன்றைக் என்னும் பேரறிஞர் 1946இல் வெளியிட்ட நூலில், மனிதனின் மூதாதையர் அரக்கரே என்று வாதித்தார். ஆனால் 2019இல், 19 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய பல்லொன்றின் எனாமலிலிருந்து புரதங்களைப் பிரித்து ஆராய்ந்தபோது, இவ்விலங்கு ஒராங்குட்டானுக்கே நெருங்கிய உறவென்பது தெளிவாயிற்று. குவாங்சியிலுள்ள 22 குகைகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, இவ்வினம் 2,95,000 முதல் 2,15,000 ஆண்டுகளுக்கு முன்னர் அழிந்ததென்று கூறுகின்றது. காலநிலை மாறிக் காடு மாறியபோது உணவை மாற்றிக்கொள்ள இயலாமற் போனதே அழிவுக்குக் காரணமாம்.

இனி இந்தியாவுக்கு வருவோம். இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த பெருங்குரங்கின் பல்லொன்றைப் பில்கிறிம் 1915இலேயே விவரித்திருந்தார். 1968இல் இமாசலப் பிரதேசத்து ஹரிதல்யங்கார் அருகே முழுமையான கீழ்த்தாடை ஒன்று கிடைத்தது. அதன் வயது ஏறக்குறைய 86 இலட்சம் ஆண்டுகள். இன்று இவ்விலங்கைச் சீனத்து மாவானரத்தினின்றும் பிரித்து ‘இந்தோபித்தேக்கஸ்’ என்பர். அக்காலத்தில் மனித இனம் தோன்றவேயில்லை. கண்டவர் ஒருவருமில்லாத விலங்கின் நினைவு கதையாக நம்மை வந்தடைந்தது எனல் எவ்வாறு பொருந்தும்?

ஆயினும் எலும்பைக் கண்டு கதையை நினைத்தல் புதிய பழக்கமன்று. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் கால்வாய் வெட்டுவித்தபோது யானை எலும்புகளோடு பேருருவ மனிதரின் எலும்புகளும் வெளிப்பட்டனவென்று பெரிஷ்தா எழுதிவைத்தார். 19ஆம் நூற்றாண்டில் சிவாலிக்கில் மாபெரும் ஆமையின் புதைபடிவத்தைக் கண்ட பால்கனரும், உலகைத் தாங்கும் ஆமை பற்றிய நம் புராணக் கதையை நினைவுகூர்ந்தார்.

இப்பழக்கத்தின் இடரை உணர்த்துவது ‘இராமபித்தேக்கஸ்’ வரலாறு. 1932இல், அதே ஹரிதல்யங்கார்ப் பகுதியில் லூயிஸ் என்பவர் சிறு தாடைத்துண்டொன்றைக் கண்டு, 1934இல் இராமபிரானின் பெயரை அதற்கு இட்டார். 1960களில் அது மனித வழியின் முதல்வன் எனப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. பின்னர் பாகிஸ்தானிற் கிடைத்து 1982இல் விவரிக்கப்பட்ட முகவெலும்பு, அது சிவபித்தேக்கஸ் என்னும் குரங்கே என்றும், ஒராங்குட்டானின் சுற்றமே என்றும் காட்டிற்று. தெய்வப் பெயரின் பெருமை சான்றின் வலிமையாகாது.

இமயத்துப் பனிமனிதன் ‘யெட்டி’யும் மாவானரத்தின் எச்சமே என்று சிலர் எழுதினர். 1951இல் சிப்டன் எடுத்த காலடிப் படம் உலகெங்கும் பரவிற்று. 1960–61இல் ஹிலறியின் குழு கும்ஜுங் மடத்திலிருந்து கொணர்ந்த ‘யெட்டித் தலைத்தோல்’ மலையாட்டினம் ஒன்றின் தோலாற் செய்யப்பட்டதெனத் தெரியவந்தது. 2017இல் மரபணுவால் ஆராயப்பட்ட 9 பொருள்களுள் 8 கரடியினுடையன, ஒன்று நாயினுடையது.

இம்முடிவு நம் வன்னியாருக்கு வியப்பளியாது. பாலைப்பழக் காலத்திற் காட்டுக்குள் செல்வோர், பின்னங்காலில் எழுந்து நிற்கும் கரடியைக் கண்டு நடுங்கியதுண்டு. கரடியின் பின்னடி மனிதன் பாதத்தை ஒக்கும். முன்னடிச் சுவட்டின்மேல் பின்னடி பதியின் நீண்டதோர் அரக்கன் அடியாகத் தோன்றும். ஓமந்தைக் காட்டுவழியில் நம்மை ஏமாற்றும் சுவடு, பனிமலையில் பிறரை ஏமாற்றாதோ?

இலங்கைக்கும் இத்தகைய கதையொன்று உண்டு. மூன்று அல்லது நான்கு அடி உயரமும், நீண்ட நகங்களும் உடைய ‘நித்தேவோ’ என்னும் குறுமனிதர் தென்கிழக்குக் காடுகளில் வாழ்ந்தனரென்றும், வேடர் அவர்களைக் குகையொன்றில் அடைத்து வாயிலிலே தீ மூட்டி அழித்தனரென்றும் கூறுவர். இதனை 1886இல் நெவிலும், 1914இல் பிரெடரிக் லூயிசும் எழுதினர். 1945இல் ஒஸ்மன் ஹில் இவர் ஆதிமனிதராய் இருத்தல் கூடுமோ என ஆராய்ந்தார். அவர்தம் எலும்பு எதுவும் கிடைத்திலது. நம் தீவின் பாஹியன் குகையில் கிடைத்தன வேறு: 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு வாழ்ந்த மக்கள் வேட்டையாடிய சிறு குரங்குகளின் எலும்புகளும், அவ்வெலும்பினாற் செய்த கருவிகளுமே அவை. அவை கதையினும் வியப்புக் குறைந்தனவல்ல.

ஆகவே முடிவு யாது? மாவானரம் உண்மை. வானரசேனைக்கு அது சான்றன்று. இதனால் காவியத்தின் பெருமை குன்றிவிடுமோ என்று அஞ்சவேண்டா. அனுமனின் தொண்டும் சாம்பவானின் அறிவும் தாடையெலும்பை நம்பி நிற்பனவல்ல. அவற்றை எலும்பின்மேல் நிறுத்துவோமாயின், அடுத்த எலும்பு வெளிப்படும் நாளில் நம் நம்பிக்கையும் சரியும், ஆராய்ச்சியும் பழுதுறும். காவியத்தைக் காவியமாகவும், எலும்பை எலும்பாகவும் படிக்கப் பழகுதலே கல்வி. அப்பழக்கத்தை இக்கல்லூரி மாணவர் தம் வாழ்நாள் முழுதும் பேணுவாராக.