முதியோர் இல்லங்களை அளந்தறிந்த வரலாறு

உத்தியோகத்தின் பொருட்டு ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு, அங்கே தனித்திருக்கும் பெற்றோரின் முதுமை ஓயாத கவலையாகும். முதியோர் இல்லமொன்றின் தரத்தை எவ்வாறு அறிவது? இங்கிலாந்தின் வரலாற்றில் இதற்கு ஒரு விடை உண்டு.

அந்நாட்டில் 1834-ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின்கீழ், திக்கற்ற முதியோர் பலர் உழைப்பு விடுதிகளில் இறுதி நாள்களைக் கழித்தனர். 1948-இல் வந்த தேசிய உதவிச் சட்டம் பழைய முறையை ஒழித்தது. இனி இல்லத்தில் இருப்போர் விருந்தினரைப் போல் வாழ்வர் என்பது அமைச்சர் அனூரின் பெவன் கொண்ட நம்பிக்கை.

பத்தாண்டுகள் கழிந்தபின் அந்நம்பிக்கையைச் சோதிக்கப் புறப்பட்டார் சமூகவியலறிஞர் பீட்டர் டவுன்சென்ட். 173 இல்லங்களை நேரிற் கண்டார். ஓர் இல்லத்தில் முதியோரைக் குளிப்பாட்டும் ஊழியராகவே சில நாள் பணியாற்றினார். பல இடங்களில் பெயர் மாறியிருந்தது. பழைய விடுதிக் கட்டடமும் வரிசைக் கட்டில்களும் மாறவில்லை. உணவும் உடையும் கிடைத்தும், முதியோர் தனிமையில் வாடினர். தம் விருப்பப்படி ஒன்றைச் செய்யும் உரிமையை இழந்திருந்தனர். இவற்றை 1962-இல் வெளிவந்த ‘கடைசிப் புகலிடம்’ என்னும் நூலில் எழுதினார். கூட்டில்லங்களைக் கைவிட்டு, முதியோர் தம் வீட்டிலேயே வாழ உதவுக என்பது அவர் முடிவு.

நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், வறிய முதியோர் 150 பேருக்கேனும் இடமளிக்கும் இல்லத்தை மாவட்டந்தோறும் மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. அத்தகைய இல்லத்துள் நாம் செல்லுங்கால் சுவரையும் தரையையும் மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. எப்போது எழுவது, யாரோடு பேசுவது என்பதை அங்குள்ள பெரியவர் தாமே முடிவு செய்கிறாரா என, அவரிடமே அமர்ந்து கேட்போமாக.