பதினேழாவது கையெழுத்து

சென்னையின் முதல் டெஸ்ட் 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்தது. முதல் இன்னிங்ஸில் அமர்சிங் ஏழு விக்கெட் எடுத்தும், ஜார்டின் தலைமையில் வந்த எம்.சி.சி. அணி 202 ரன் வித்தியாசத்தில் வென்றது.

அந்த அணியின் வீரர்கள் பதினாறு பேர் விஜய் மெர்ச்சன்டின் சகோதரி லட்சுமியின் ஆட்டோகிராஃப் ஏட்டில் கையெழுத்திட்டிருந்தார்கள். பிறகு அவர் காந்தியடிகளிடம் ஏட்டை நீட்டினார். காந்தி பக்கங்களைப் புரட்டி, அந்தப் பக்கத்திலேயே பதினேழாவது ஆளாகத் தம் பெயரை எழுதினார். கையெழுத்துக்கு ஹரிஜன நிதிக்காக ஐந்து ரூபாய் வாங்கியவர் அவர்.

இன்று இத்தகைய ஏடுகளுக்கு ஏலத்தில் நல்ல விலை. விலை ஏறினால் போலியும் வரும். அமெரிக்காவில் போலி பேஸ்பால் கையெழுத்துகளுக்காக எஃப்.பி.ஐ.யே 1990களில் விசாரணை நடத்த வேண்டி வந்தது.

என்னிடமும் ஒரு தாள் உண்டு. 1967 பொங்கலை ஒட்டி மேற்கிந்தியர் சேப்பாக்கத்தில் ஆடினார்கள். இஞ்சினியர் முதல் நாள் உணவு இடைவேளைக்கு முன்பே 94 ரன் அடித்தார். கடைசி நாள் ஏழு விக்கெட் போன பிறகு சோபர்ஸும் கிரிஃபித்தும் நின்று ஆட்டத்தை டிரா செய்தார்கள். நான் அப்போது பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளி மாணவன். மயிலாப்பூரில் வேலையில் இருந்த அண்ணன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, சோபர்ஸ் கையெழுத்து என்று ஒரு தாளைத் தபாலில் அனுப்பினார். ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இதழில் வெட்டிய சோபர்ஸ் படத்துக்குக் கீழே அதை ஒட்டி வைத்தேன்.

போன மாதம் பேரன், “தாத்தா, இதை ஏலத்துக்கு அனுப்பலாமே” என்றான். அனுப்பும் முன் சரிபார்க்கலாம் என்று எடுத்தேன். ஆபீசில் முப்பது வருஷம் கையெழுத்து ஒப்பிட்ட பழக்கம். அண்ணனின் பழைய கடிதங்களைப் பக்கத்தில் வைத்தேன். அதே ‘எஸ்’, அதே சாய்வு, கடைசியில் அதே கொக்கி.

கூட்டத்தில் நெருங்க முடியாமல் போயிருக்கும். தம்பி காத்திருப்பானே என்று அவரே எழுதிவிட்டார். கேட்கலாம் என்றால் அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

எனக்குப் பின் யாரும் ஏமாறக் கூடாது. பென்சிலால் தாளின் பின்புறம் எழுதி வைத்தேன்: “இது சோபர்ஸ் கையெழுத்து அல்ல. என் அண்ணன் எழுதியது. விற்பனைக்கு இல்லை.” கீழே தேதி போட்டு நானும் கையெழுத்திட்டேன்.