லேப்டாப்பில் காணாமல் போன 'எம்'

பேரனுக்குப் பெரிய திரையுள்ள கேமிங் லேப்டாப் வேண்டுமாம். என் பென்ஷன் சேமிப்பிலிருந்து 90 ஆயிரம்தான் தர முடியும். வாங்குமுன் அதன் வரலாற்றைப் படித்தேன். வாத்தியார் புத்தி, வேறென்ன!

1981இல் வந்த ஆஸ்போர்ன் 1, கையில் தூக்கிச் செல்லும் கணினி. எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம்! அது கிடக்கட்டும். நம் பணத்தை விழுங்குவது கிராஃபிக்ஸ் சிப்.

2014இல் என்விடியா லேப்டாப்புக்குத் தந்த சிப்பின் பெயர் 980எம். மேசைக் கணினியின் 980 வேறு, இது வேறு என்பதை அந்த 'எம்' சொல்லிவிடும். 2016இல் வேகம் நெருங்கி வந்ததால் 'எம்' போனது. அதுவரை நியாயம்தான். மறு ஆண்டே ஒல்லி லேப்டாப்புகளுக்காக மின்சாரத்தைக் குறைத்து 'மேக்ஸ்-க்யூ' என்று பெயரில் சேர்த்தார்கள். 2021இல் பெயரிலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப் 35 வாட்டிலும் ஓடும், 115 வாட்டிலும் ஓடும். பெயர் ஒன்றே, வேகம் ஒன்றல்ல.

பெரிய உடம்பில் காற்றாடிக்கு இடம் உண்டு, சூடு தணியும், அதிக வாட் கொடுக்கலாம். ஆனால் கொடுத்திருக்கிறார்களா? நிறுவனத்தின் இணையதள விவரப் பட்டியலில் 'டிஜிபி' என்ற வரியைப் பாருங்கள். வாட் போடாத லேப்டாப்புகளை எங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இப்போது மிச்சம் இரண்டு.